ஜப்பானில் ஹலால் சாப்பாடு: முதலில் வீட்டு அடுப்பு, அப்புறம் கடை

படிப்புக்கோ வேலைக்கோ ஜப்பான் வந்து இறங்கும் நம்மவர்கள் முதலில் பயப்படுவது பன்றி இறைச்சிக்குத்தான். உண்மையில் அதுதான் சுலபம். பெரும்பாலும் துண்டாகத் தட்டில் தெரியும், கேட்டால் சொல்லிவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போவது வேறு: சாக்கே என்ற அரிசி மது, மிரின் என்ற இனிப்பு மது, பன்றி எலும்பிலிருந்து எடுத்த சாறு, ஜெலட்டின். நம் வீட்டில் குழம்புக்குப் புளி எப்படியோ, அங்கே சாக்கேயும் மிரினும் அப்படி. மீன் குழம்பிலும் இருக்கும், வெறும் கீரைப் பொரியலிலும் இருக்கும்.

வந்த வாரமே "ஹலால் ராமென் (ஜப்பானிய நூடுல்ஸ் சூப்) எங்கே?" என்று தேடிக்கொண்டு அலைவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முதல் மாதம் வீட்டில் சமையுங்கள். அதுவும் சாம்பாரும் பிரியாணியும் மட்டுமல்லாமல், ஜப்பானிய உணவையே நாலைந்து முறை செய்து பாருங்கள். எந்தப் பண்டத்தில் எந்த இடத்தில் மது விழுகிறது என்பது கைக்குத் தெரிந்துவிட்டால், கடையில் என்ன கேட்க வேண்டும் என்பதும் தானாகத் தெரியும்.

புறப்படும் முன்

பெட்டியில் உப்புக்கண்டம், கோழி ஊறுகாய், மசாலா சாசேஜ் எதையும் வைக்காதீர்கள். இறைச்சிப் பண்டம் எதுவானாலும், காய்ந்ததோ சமைத்ததோ, ஏற்றுமதி நாட்டின் பரிசோதனைச் சான்றிதழ் இல்லாமல் ஜப்பானுக்குள் கொண்டுவரக் கூடாது. விமான நிலையத்தில் இதற்கென்றே மோப்ப நாய்கள் உண்டு. கறிவேப்பிலைக் கொத்தும் வேண்டாம், பச்சைத் தாவரங்களுக்குத் தனிக் கட்டுப்பாடு இருக்கிறது. மசாலாப் பொடி, புளி, பருப்பு கொண்டுவரலாம். ஆனால் பெரிய நகரங்களில் அவையெல்லாம் கிடைக்கின்றன, பெட்டி எடையை வீணாக்க வேண்டாம்.

இன்னொன்று: சில மார்க்க விஷயங்களில் உங்கள் நிலைப்பாட்டை ஊரிலேயே ஓர் ஆலிமிடம் (மார்க்க அறிஞர்) கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இயற்கையாக நொதித்த சோயா சாஸில் தானாகவே சுமார் 2 சதவீதம் ஆல்கஹால் உண்டாகிறது. அது கூடுமா? கெடாமல் இருக்க வெளியிலிருந்து சேர்த்த ஆல்கஹால் என்றால்? கடல் உணவில் மத்ஹபு (மார்க்கச் சட்ட வழி) வேறுபாடும் இங்கே நிஜமாகவே குறுக்கே வரும். காயல்பட்டினம், கீழக்கரைக்காரர்களும் இலங்கை முஸ்லிம்களும் பெரும்பாலும் ஷாஃபி என்பதால் கணவாய், ஆக்டோபஸ் வரை சாப்பிடலாம். ஹனஃபி ராவுத்தர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மீன் மட்டும்தான், இறாலில் கருத்து வேறுபாடு. ஒரே அறையில் இரண்டு பேரும் தங்கியிருந்தால் தாக்கோயாக்கி (ஆக்டோபஸ் வைத்த உருண்டை) கடை வாசலில் இந்த விவாதம் நடக்கும். அதை முன்கூட்டியே முடித்துவிடுவது நல்லது.

லேபிள் படிக்க எவ்வளவு ஜப்பானிய மொழி தெரிய வேண்டும்?

மிகக் கொஞ்சம். இரண்டு கான்ஜி எழுத்துகளும் (சீனத்திலிருந்து வந்த சொல்லெழுத்துகள்) கத்தகானா என்ற ஒலியெழுத்து வரிசையும் போதும்.

முதல் கான்ஜி, பன்றி: "புத்தா". இரண்டாவது, மது: "சாக்கே". இந்த இரண்டாவது எழுத்து ஒன்றே பல சொற்களைப் பிடித்துக் கொடுக்கும். சமையல் மதுவான ரியோரிஷு, கேக்கிலும் சாக்லேட்டிலும் வரும் மேல்நாட்டு மதுவான யோஷு, சோயா சாஸிலும் மிசோ என்ற நொதித்த சோயா விழுதிலும் சேர்க்கும் ஆல்கஹாலான ஷுசேய், சாக்கே வண்டலான சாக்கேகாசு எல்லாவற்றிலும் அதே எழுத்துதான் ஒளிந்திருக்கிறது. மொழிபெயர்ப்புச் செயலியில் இந்தச் சொற்களை ஜப்பானிய எழுத்தில் வரவழைத்து ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவை பெரும்பாலும் கத்தகானாவில் இருக்கும், ஏனென்றால் அவை வெளிநாட்டுச் சொற்கள்: ராடோ (பன்றிக் கொழுப்பு), போக்கு எக்கிஸு (பன்றிச் சாறு), ஜெராச்சின் (ஜெலட்டின்), அருகோரு (ஆல்கஹால்), ஷோட்டோனிங்கு (ஷார்ட்னிங் என்ற கெட்டிக் கொழுப்பு). கத்தகானாவின் 46 அடிப்படை எழுத்துகளை ஒரு வாரம் உட்கார்ந்தால் படித்துவிடலாம். போன் கேமரா மொழிபெயர்ப்பு உதவும், ஆனால் பளபளக்கும் பாக்கெட்டில் பொடி எழுத்தை அது கண்டபடி படிக்கும். கண் பழகுவதுதான் நம்பகமானது.

பொருள் பட்டியலின் முடிவில் அடைப்புக்குறிக்குள் ஒவ்வாமைப் பொருள்களைத் தொகுத்து எழுதியிருப்பார்கள். முட்டை, பால், கோதுமை போன்றவற்றைச் சட்டப்படி எழுதியே ஆக வேண்டும். பன்றி இறைச்சியும் ஜெலட்டினும் 'எழுதினால் நல்லது' என்ற பட்டியலில் இருக்கின்றன. அதனால் அங்கே புத்தா என்று பார்த்தால் பாக்கெட்டை அப்படியே கீழே வைத்துவிடலாம். பார்க்கவில்லை என்பதற்காக வாங்கிவிட முடியாது. மதுவோ ஒவ்வாமைப் பட்டியலிலேயே வராது.

நியூக்காசாய் என்ற எமல்சிஃபையர் (எண்ணெயும் நீரும் பிரியாமல் கலக்கச் சேர்ப்பது) தான் தலைவலி. தாவரத்திலிருந்து வந்ததா விலங்கிலிருந்து வந்ததா என்று லேபிளில் பெரும்பாலும் இருக்காது. நீங்கள் அடிக்கடி வாங்கும் ரொட்டி என்றால், பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் வாடிக்கையாளர் எண்ணுக்கு ஜப்பானிய மொழி தெரிந்த நண்பரை விட்டுப் பேசச் சொல்லுங்கள். பொறுமையாகப் பதில் சொல்வார்கள். எல்லாப் பொருளுக்கும் இப்படிச் செய்ய ஆயுள் போதாது. வழக்கமாக வாங்கும் ஏழெட்டுப் பொருளுக்குச் செய்தால் போதும்.

இறைச்சி வாங்குவது

சாதாரண சூப்பர்மார்க்கெட்டில் இருக்கும் கோழியும் மாடும் நம் முறைப்படி அறுத்தவை அல்ல. 'வேதக்காரர்கள் (கிறிஸ்தவர், யூதர்) அறுத்தது கூடும்' என்ற வாதத்துக்கும் இங்கே இடம் குறைவு, மக்களில் பெரும்பாலோர் பௌத்த, ஷிண்டோ பின்னணி.

முதல் வழி கியோமு சூப்பர். நாடெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிளைகள் உள்ள மலிவுக் கடை. அதன் உறைபதனப் பெட்டியில் பிரேசிலிலிருந்து வரும் கோழி கிடக்கும், 2 கிலோ தொடைக்கறி பாக்கெட்டுகளும் அதில் உண்டு. அவற்றில் பலவற்றில் பிரேசில் சான்றளிப்பு அமைப்புகளின் ஹலால் முத்திரை இருக்கும். 'பிரேசில் கோழி என்றாலே ஹலால்' என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம், முத்திரை இல்லாத பிரேசில் கோழியும் அதே பெட்டியில் கிடக்கலாம். ஒவ்வொரு முறையும் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்.

இரண்டாவது வழி, ஹலால் மளிகைக் கடைகள். பாகிஸ்தானிகளும் வங்கதேசத்தவரும் நேபாளிகளும் நடத்துபவை. டோக்கியோவில் ஷின் ஒகுபோ ஸ்டேஷன் பக்கம் இஸ்லாம் யோகோச்சோ என்றே அழைக்கப்படும் சந்து இருக்கிறது. ஆட்டிறைச்சி, கொத்துக்கறி, பாஸ்மதி, தேங்காய்ப் பால், பருப்பு எல்லாம் ஒரே நடையில் முடியும். யோயோகி உஏஹாராவில் உள்ள டோக்கியோ ஜாமி பள்ளிவாசலோடு சேர்ந்து ஒரு ஹலால் கடை உண்டு. கோபேயில் 1935-இல் கட்டிய நாட்டின் முதல் பள்ளிவாசலைச் சுற்றியும் கடைகள் உண்டு. சிறிய ஊரில் இருக்கிறீர்களா? பக்கத்துப் பள்ளிவாசலில் ஜும்ஆ முடிந்ததும் நாலு பேரிடம் பேசுங்கள். கூகுள் மேப்பில் இல்லாத தகவல் அங்கே கிடைக்கும்.

மூன்றாவது, இணையத்தில் ஆர்டர். உறைந்த நிலையிலேயே குளிர் பார்சலாக வீட்டுக்கு வரும், வரும் நேரத்தையும் நாமே தேர்ந்தெடுக்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: ஒற்றை அறை வீட்டுக் குளிர்பெட்டியின் ஃப்ரீசர் ஒரு டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். டெலிவரி கட்டணத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று பத்து கிலோ வரவழைத்துவிடாதீர்கள். பக்கத்து அறை நண்பரோடு பங்கு போட்டு வாங்குவதே வழக்கம்.

பொதுச் சமையலறை உள்ள விடுதி என்றால் சட்டி, வெட்டுப்பலகை, கரண்டி மூன்றும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அடுப்புக்குக் கீழே இருக்கும் மீன் சுடும் தட்டில் முன்னால் இருந்தவர் எதைச் சுட்டாரோ தெரியாது. ஷாஃபி மத்ஹபில் பன்றி பட்ட பாத்திரத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்து கழுவச் சொல்வார்கள். நூறு யென் கடையில் புதுத் தட்டே வாங்கிவிடலாம்.

மீன்தான் நமக்கு வரம்

கடலோர ஊர்க்காரர்களுக்கு இந்த நாடு இறைச்சி இல்லாமலேயே ஓடும். சூப்பர்மார்க்கெட் மீன் பகுதியில் சபா என்று இருப்பது கானாங்கெளுத்தி. இவாஷி நம் மத்தி, சாளை. அஜி பாறை மீனின் சொந்தம். சவாரா வஞ்சிரத்தின் நெருங்கிய இனம், யாழ்ப்பாணத்தார் அறக்குளா என்பார்களே, அந்தக் குடும்பம். குழம்புக்கு முள்ளோடு துண்டு வேண்டுமானால் "புட்சுகிரி" என்று சொல்லுங்கள், பல கடைகளில் வெட்டிக் கொடுப்பார்கள். கேட்காவிட்டால் முள்ளெடுத்த வெறும் சதைதான் கையில் வரும், குழம்பில் கரைந்து போகும்.

மாலை ஏழு மணிக்கு மேல் போனால் பாதி விலை ஸ்டிக்கர் ஒட்டத் தொடங்குவார்கள். மாணவர்களுக்கு இதுதான் கடைக்குப் போகும் நேரம்.

வாங்கக் கூடாதவை: மிசோவிலோ சாக்கே வண்டலிலோ ஊறவைத்த மீன் துண்டுகள், இனிப்புச் சாறு தடவிய உனாகி விலாங்கு. மசாலா எதுவும் படாத பச்சை மீனையும் உப்பு மட்டும் போட்ட சால்மனையும் எடுங்கள். காமபோக்கோ, சிக்குவா போன்ற மீன் கேக்குகளில் மிரின் இருப்பது சகஜம்.

அலமாரியை நிரப்புவது

சோயா சாஸ்: பின்னால் சோயா, கோதுமை, உப்பு என்று மூன்றே பொருள் எழுதியிருக்கும் புட்டிகள் உண்டு. அருகோரு அல்லது ஷுசேய் சேர்த்தவையும் பக்கத்திலேயே நிற்கும். முத்திரை உள்ளதுதான் வேண்டும் என்றால் ஃபுந்தோகின் நிறுவனம் ஹலால் சான்று பெற்ற சோயா சாஸ் செய்கிறது. ஹலால் கடையிலும் இணையத்திலும் கிடைக்கும்.

மிசோ: சாதாரண மிசோவில் ஷுசேய் சேர்ப்பது, பாக்கெட்டுக்குள் நொதித்து உப்பிவிடாமல் இருக்க. அதைச் சேர்க்காத மிசோவின் டப்பாவில் காற்று வெளியேறச் சின்ன வால்வு இருக்கும், "முதென்கா" என்று எழுதியிருக்கும். ஹிகாரி மிசோ நிறுவனத்தின் ஹலால் சான்று பெற்ற மிசோவும் உண்டு.

மிரின்: அசல் மிரினில் ஏறத்தாழ 14 சதவீதம் ஆல்கஹால். 'மிரின் போன்ற சுவையூட்டி' என்று விற்பதிலும் ஒரு சதவீதத்துக்குக் குறைவாக இருக்கலாம். இரண்டையும் விட்டுவிடுங்கள். ஒரு மேசைக்கரண்டி மிரினுக்குப் பதில் ஒரு மேசைக்கரண்டி தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சர்க்கரை. சாக்கேக்குப் பதில் தண்ணீரும் கொஞ்சம் துருவிய இஞ்சியும். மீன் வாடையைப் போக்கத்தான் சாக்கே, அந்த வேலையை இஞ்சி நன்றாகவே செய்யும். அடுப்பில் வைத்தால் ஆல்கஹால் ஆவியாகிவிடும் என்று ஜப்பானிய நண்பர்கள் அன்போடு சொல்வார்கள். முழுக்கப் போவதில்லை, தவிர நமக்குக் கேள்வியும் அது மட்டுமல்ல.

வினிகர்: அரிசி மட்டும் சேர்த்த "ஜுன்மாய்சு" வாங்குங்கள். சுஷிக்கென்று கலந்து விற்பதில் வேறு என்னென்னவோ இருக்கும்.

தாஷி: கடற்பாசியும் மீன் சீவலும் போட்டு எடுக்கும் சாறு. இதுதான் எல்லாவற்றுக்கும் அடித்தளம், இதை வீட்டிலேயே எடுப்பது டீ போடுவதைவிடக் கொஞ்சம்தான் அதிக வேலை. ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் 'கொம்பு' என்ற கடற்பாசியை அரைமணி நேரம் ஊறவையுங்கள். சிறுதீயில் சூடாக்கி, கொதி வருவதற்கு முன் பாசியை எடுத்துவிடுங்கள். 20 கிராம் கட்சுவோபுஷி மீன் சீவலைப் போட்டு அடுப்பை அணைத்து, இரண்டு நிமிடத்தில் வடிகட்டுங்கள். மாசிக் கருவாடு தெரிந்த வாய்க்கு இந்த மணம் புதிதல்ல, அதே சூரை இன மீன்தான்.

நாலு பண்டம்

தெரியாக்கி: 300 கிராம் கோழித் தொடைக்கறியைத் தோல் பக்கம் முதலில் பொன்னிறமாக வாட்டுங்கள். உருகிய கொழுப்பைத் துடைத்துவிட்டு, சோயா சாஸ் 2 மேசைக்கரண்டி, சர்க்கரை ஒன்றரை, தண்ணீர் 2, கொஞ்சம் இஞ்சிச் சாறு ஊற்றிப் பளபளப்பாகச் சுண்டவிடுங்கள். கடையில் சாப்பிடுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் சொல்ல முடியாது.

ஓயாகோதொன் (கோழியும் முட்டையும் போட்ட சோறு): தாஷி 100 மில்லி, சோயா சாஸ் ஒன்றரை மேசைக்கரண்டி, சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி. அதில் வெங்காயமும் கோழியும் வேகவைத்து, இரண்டு முட்டையை அரைகுறையாக அடித்து ஊற்றி மூடி வைத்து, சோற்றின் மேல் சரித்துவிட வேண்டியதுதான். பரீட்சைக் கால உணவு.

ஜப்பானிய கறி (இறைச்சி அல்ல, மசாலாக் குழம்பு): கட்டியாக விற்கும் கறி ரூவை (கொழுப்பில் மாவை வறுத்த குழம்புக் கலவை) மறந்துவிடுங்கள். விலங்குக் கொழுப்பும் இறைச்சிச் சாறும் பெரும்பாலும் அதில் இருக்கும். பதிலாக எஸ் அண்ட் பி நிறுவனத்தின் சிவப்பு டப்பா கறித்தூள் வாங்குங்கள், அதில் இருப்பது மசாலா மட்டும். வாசனையில் மஞ்சளும் மல்லியும் வெந்தயமும் நமக்கு உடனே தெரியும். 40 கிராம் வெண்ணெயில் 40 கிராம் மைதாவைச் சிறுதீயில் பழுப்பு நிறம் வரும்வரை கால் மணி நேரம் வறுத்து, இரண்டு மேசைக்கரண்டி கறித்தூள் சேர்த்தால் நாலு பேருக்கான ரூ தயார். கோழி, வெங்காயம், கேரட், உருளைக்கிழங்கை 700 மில்லி தண்ணீரில் வேகவைத்து அதில் கரையுங்கள். அரை ஆப்பிள் துருவல், ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸ். வெங்காயத்தை மட்டும் அவசரப்படாமல் வதக்குங்கள்.

நூடுல்ஸ்: குளிர்ப்பகுதியில் இருக்கும் ஈர நூடுல்ஸில் ஷுசேய் அடிக்கடி வரும். காய்ந்த உதொன், சோமென் பெரும்பாலும் மாவும் உப்பும்தான். ஹலால் கோழி எலும்பை இஞ்சி, நேகி வெங்காயத்தாளோடு இரண்டு மணி நேரம் கொதிக்கவிட்டு, தாஷியும் சோயா சாஸும் கலந்தால் ராமென் ஆசை பாதி அடங்கும். கப் நூடுல்ஸ் பக்கம் கை போகும்போது நினைவிருக்கட்டும்: ஸீஃபூட் என்று எழுதியதிலும் பன்றிச் சாறு இருக்கும்.

அப்புறம், ரமலானில் நோன்புக் கஞ்சிக்கு ஊர் அரிசி தேட வேண்டாம். ஜப்பான் அரிசி குழைவதில் கெட்டிக்காரன், பாசிப்பருப்பும் ஹலால் கொத்துக்கறியும் இருந்தால் போதும்.

கடைக்குப் போவது

இப்போது போகலாம். ஜப்பானில் அரசாங்க ஹலால் சான்றிதழ் என்று ஒன்று கிடையாது. பல தனி அமைப்புகள் சான்று கொடுக்கின்றன. 'முஸ்லிம் ஃபிரெண்ட்லி' என்ற பலகைக்கு ஒரே பொருள் இல்லை. இறைச்சி ஹலால், ஆனால் பீர் விற்பார்கள் என்பதாக இருக்கலாம். பன்றி மட்டும் இல்லை என்பதாகவும் இருக்கலாம். வாசலில் கேட்க வேண்டியவை மூன்று: இறைச்சி ஹலாலா, சமையலில் சாக்கே மிரின் போடுகிறீர்களா, எண்ணெய்ச் சட்டி தனியா. உள்ளே போய் உட்கார்ந்த பின் கேட்டால் இரண்டு பக்கமும் சங்கடம்.

"புத்தா நிக்கு வா ஹாய்த்தே இமாஸ் கா?" என்றால் பன்றி இறைச்சி சேர்ந்திருக்கிறதா. "ஓசாகே யா மிரின் வா ஹாய்த்தே இமாஸ் கா?" என்றால் மதுவோ மிரினோ சேர்ந்திருக்கிறதா. இப்படிப் பொருளைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். "நிக்கு (இறைச்சி) வேண்டாம்" என்று பொதுவாகச் சொன்னால் மேலே கிடக்கும் துண்டை எடுத்துவிட்டு அதே சூப்பைக் கொண்டுவருவார்கள். அவர்கள் ஏமாற்றவில்லை, சூப்பை இறைச்சி என்று நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

சைவக் கடை என்றாலும் இதே கேள்விதான். பௌத்த மடங்களின் ஷோஜின் உணவில் மீன்கூட இருக்காது, ஆனால் மிரின் இருக்கலாம்.

ராமெனுக்கு டோக்கியோவில் அசாகுசாவின் நாரிதாயா, ஒக்காச்சிமாச்சியிலும் கியோட்டோவிலும் அயம்யா, ஒசாகா நம்பாவில் ஹொனொலு ஆகியவை முஸ்லிம்களிடையே பேர் வாங்கியவை. கோகோ இச்சிபான்யா கறிக் கடையில் சாதாரணக் கிளைகள் நமக்கு ஆகாது; அகிஹபாராவில் 2017-இல் தனியாக ஹலால் கிளை திறந்தார்கள். கடைகள் மூடுவதும் இடம் மாறுவதும் இங்கே வேகம். கிளம்பும் முன் மேப்பில் அண்மை வாரத்துக் கருத்துகளைப் பாருங்கள். ஹலால் கூர்மே ஜப்பான் என்ற தளத்திலும் தேடலாம்.

மாணவர்கள் முதலில் பல்கலைக்கழக உணவகத்தைப் பாருங்கள். டோக்கியோ, கியோட்டோ பல்கலைக்கழகங்களிலும் பெப்புவில் உள்ள ஏபியு என்ற ரித்சுமேகான் ஆசிய பசிபிக் பல்கலைக்கழகத்திலும் ஹலால் உணவு உண்டு. மற்ற இடங்களில் முஸ்லிம் மாணவர் சங்கம் கேட்டால் தொடங்குவதும் உண்டு.

கன்வீனியன்ஸ் ஸ்டோரில் அவசரத்துக்கு உப்பு மட்டும் போட்ட ஓனிகிரி சோற்றுருண்டை, அவித்த முட்டை, வாழைப்பழம், பால். நிக்குமான் என்ற ஆவியில் வெந்த பன்னுக்குள் இருப்பது பன்றி. காரஆகே என்ற பொரித்த கோழி வேண்டாம். இனிப்பில் பயறு, அரிசி, கான்தென் கடற்பாசி வைத்துச் செய்யும் பழைய ஜப்பானிய வகைகள் கேக்கைவிடப் பாதுகாப்பு. தோராயாக்கியில் (பயறு விழுது வைத்த பேன்கேக்) மட்டும் மிரின் பாருங்கள்.

அலுவலக விருந்துக்குப் போவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. போனால், ஏற்பாடு செய்பவரிடம் இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுங்கள். எதமாமே (அவித்த பச்சை சோயா), சோயா சாஸை நீங்களே பார்த்து ஊற்றிக்கொள்ளும் குளிர் தோஃபு, சாஷிமி (பச்சை மீன் துண்டு), உப்பு மட்டும் தடவிச் சுட்ட மீன் ஆகியவற்றைக் கேட்கலாம். சுடும் மீனின் மேல் சாக்கே தெளிக்கும் பழக்கம் உண்டு, அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

குழந்தைகளோடு வருபவர்களுக்கு: பள்ளியில் மதிய உணவு எல்லாருக்கும் ஒன்றுதான், மாதத் தொடக்கத்தில் உணவுப் பட்டியலை வீட்டுக்கு அனுப்புவார்கள். ஆசிரியரிடம் பேசி, பொருள் விவரம் உள்ள பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். கூடாத நாளில் அதேபோன்ற பண்டத்தை வீட்டிலிருந்து பென்டோவாக (டப்பா உணவு) கொடுத்தனுப்பும் முஸ்லிம் பெற்றோர் நிறைய. அன்று பள்ளியில் கறி என்றால் வீட்டிலும் கறி. பிள்ளைக்கு அது பெரிய விஷயம்.

ரயில் பயணத்துக்கு ஸ்டேஷன் பென்டோவை நம்ப வேண்டாம், ஏதாவது ஒரு மூலையில் மிரின் இருக்கும். காலையில் சுட்ட உப்பு சால்மனை உதிர்த்து உள்ளே வைத்து ஓனிகிரி பிடித்துக்கொள்ளுங்கள். சோறு ஆறிய பிறகே மூடுங்கள். கோடையில் பையில் ஐஸ் பேக் ஒன்றும் சேர்த்து வையுங்கள்.